சம்பந்தி கையில் ஸ்க்ரூ டிரைவர்

எனக்கு வயசு எழுபத்திரண்டு. பெத்து வளர்த்தது அஞ்சு. ஆறாவது ஒண்ணு இருக்கு — பின்கட்டு ரூமில் நிற்கிற தையல் மெஷின். அஞ்சு பேரும் சேர்ந்து படுத்தாத பாட்டை அந்த ஒண்ணு படுத்துது!

புதுசாப் படிக்கிறவங்களுக்குச் சொல்லிடறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் சொல்லச் சொல்ல, பேத்தி யாழினி போனில் டைப் அடிக்கிறா. பேச்சு என்னது. பிழை இருந்தா அவளது.

ஆம்பூரில் எங்க தெருவில் பாதி வீட்டில் இப்படி ஒரு ரூம் உண்டு. ஷூவுக்கு வெட்டின தோலைக் கம்பெனியில் குடுப்பாங்க. மேல்பாகத்தைத் தைச்சுத் திருப்பிக் குடுக்கணும். முன்ன நான் தைச்சேன். இப்ப மருமக செல்வி தைக்கிறா. நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் முனையை வெட்டிக்கிட்டே குறை சொல்லுவேன். அதுவும் வேலைதானே?

மெஷினோட குணத்தைக் கவனிச்சிருக்கீங்களா? வேலை கம்மியா இருக்கிற நாளில் ஜம்முனு ஓடும். அவசரம்னா அதுக்கு எப்படியோ தெரிஞ்சுடும். மெக்கானிக் வந்து நின்னா நல்ல பிள்ளை மாதிரி ஓடிக் காட்டும். அவர் பைக் தெருமுனை திரும்பினதும்... பழையபடி பேஜார்.

ஸ்க்ரூ டிரைவர் இன்னும் மோசம். மெஷின் டிராயரைத் தவிர எல்லா இடத்திலும் இருக்கும். போன வாரம் பருப்பு டப்பா மூடியை நெம்பப் போய், சமையல் ரூமில் கிடந்தது. நெம்பினது யாருன்னு கேட்காதீங்க.

போன வியாழக்கிழமை செல்விக்கு ஒரு சாம்பிள் ஜோடி வந்திருந்தது. கத்திரிக்காய் நிறம். தொட்டா வழுக்கிக்கிட்டுப் போற தோல். சனிக்கிழமை குடுக்கணும். பாஸ் ஆனா இந்த சீசன் வேலை முழுக்க அவளுக்கு. கெட்டுப்போனா வேற தெருவுக்குப் போயிடும். மறுபடி வெட்டிக்க உபரியா ஒரு துண்டுத் தோல்கூடக் கிடையாது.

அன்னிக்குன்னு பார்த்து மெஷின் தையல் தாண்டுது. நாலு விழுந்தா ஒண்ணு விழலை. மெக்கானிக் பாய் வாணியம்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டார்.

"நாளைக்கு வருவாரு அத்தே, அதுவரைக்கும் தொட வேணாம்"னு செல்வி மெஷினை நிறுத்தினா. வாசலில் சத்தம். வாழைப்பழச் சீப்போடு சம்பந்தி!

சம்பந்தின்னா செல்வியோட அப்பா. குடியாத்தத்தில் பவர்லூமில் லுங்கி நெய்யறவர். தங்கமான மனுஷன். ஆனா எங்கே மெஷின் நின்னாலும் அவருக்குக் கை ஊறும். போன தடவை வந்தப்போ எங்க மிக்சியைச் சரி பண்ணார். அன்னியிலேர்ந்து அம்மியில் அரைக்கிறோம்.

"இன்னா செல்வி, மெஷின் நின்னுபோச்சா?"

"ஒண்ணுமில்ல நைனா. பாய் வந்து பார்ப்பாரு."

"பாய் எதுக்கு? தறியே ஓட்டறவன், இது எனக்கு ஜுஜுபி! மாப்ளே, ஸ்க்ரூ டிரைவர் எடு!"

மாப்பிள்ளைன்னா என் மகன் குமார். ஷூ கம்பெனியில் ஒரு லைனையே அதட்டி வேலை வாங்கறவன். மாமனார் முன்னால் மட்டும் வாய் திறக்காது. தேட ஓடினான். பருப்பு டப்பா பக்கத்தில் இருக்குன்னு நான் சொல்லலை. பாவி, அவனே கண்டுபிடிச்சுட்டான்!

சம்பந்தி எண்ணெய் கேனைத் தூக்கினார். எங்க மெஷினுக்கு ரெண்டு சொட்டு போதும். அவர் தீபாவளி எண்ணெய்க் குளியலே நடத்திட்டார். ஜாஸ்தியான எண்ணெய் ஊசி வழியா இறங்கித் தோலில் கறையாகும். செல்வி என்னைப் பார்த்தா. நான் அவளைப் பார்த்தேன். பொண்ணு குடுத்த மனுஷன் — வேணாம்னு கையைப் பிடிக்க முடியுமா?

"சரி, ஓட்டிப் பார்த்துடலாம்" என்று கையை நீட்டினார். எடுத்தது... அந்தக் கத்திரிக்காய் நிறத் தோலை!

"நைனா! அது சாம்பிள்!"

"அதனால இன்னா கண்ணு? தப்பு வந்தா பிரிச்சுட்டு மறுபடி தைச்சுக்கோ."

துணியோட பழகின மனுஷன் வேற எப்படிப் பேசுவார்? துணியில் தையலைப் பிரிச்சுத் தண்ணி தெளிச்சுத் தேய்ச்சா, ஓட்டை மூடிக்கும். தோலில் ஊசி இறங்கினா இறங்கினதுதான். பிரிச்சாலும் ஓட்டை அங்கேயே நிற்கும்.

எனக்கு எங்கேயிருந்துதான் வந்ததோ!

"சம்பந்தி, அது சாதாரணத் தோலு. உங்க கைக்கு அதெல்லாம் பத்தாது. நல்ல தோல்ல ஓட்டினாத்தான் கோளாறு தெரியும்."

"நல்ல தோலுக்கு எங்க போறது சம்பந்தியம்மா?"

"உங்க சட்டைப் பையிலயே இருக்குதே!"

தீபாவளிக்கு நாங்க எடுத்துக் குடுத்த தோல் பர்ஸ். அவருக்குப் பெருமை தாங்கலை. உள்ளே இருந்த பஸ் டிக்கெட், முருகன் படம் எல்லாத்தையும் கொட்டிட்டு, பர்ஸை விரிச்சு ஊசிக்கு அடியில் வெச்சார். டர்ர்ர்...

தாண்டிச்சு. "பிரிச்சுக்கலாம்"னார். பிரிச்சு மறுபடி ஓட்டினார். மறுபடி தாண்டிச்சு. மறுபடி பிரிச்சார். கடைசியில் பர்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சார். சல்லடை! நடுவில் எண்ணெய் வேற, ஏரி மாதிரி தேங்கி நிற்குது.

"இந்த ஓட்டை... மூடாதா சம்பந்தியம்மா?"

"வெச்சிருந்து பாருங்க"ன்னேன். முகத்தில் ஒண்ணும் காட்டிக்கலை. செல்வி வாயைப் பொத்திக்கிட்டு, சாம்பிளோட உள்ளே ஓடிட்டா.

மறுநாள் பாய் வந்து மெஷினைத் திறந்தார். "யாரும்மா இதை வடை மாதிரி பொரிச்சு வெச்சது?" என்றார். எண்ணெயைத் துடைச்சார். ஊசியை மாத்தினார். பழைய துண்டுத் தோலில் கறை விழறது நிற்கிற வரைக்கும் ஓட்டினார். அவ்வளவுதான். சனிக்கிழமை சாம்பிள் பாஸ். சீசன் வேலை செல்விக்குத்தான்!

நைனாவுக்குப் போன் போட்டுச் சொன்னா. "பார்த்தியா? நான் விட்ட எண்ணெய் இப்பத்தான் உள்ள இறங்கி வேலை செஞ்சிருக்கு!" என்று ஒரே சிரிப்பு. அந்தப் பர்ஸைத் தறிக்காரங்க எல்லாருக்கும் காட்டுறாராம் — ஆம்பூர் மெஷினில் நானே ஓட்டினதுன்னு.

நான் மறுத்துப் பேசலை. மெஷினுக்கு ஊசியை மாத்திக்கலாம். பொண்ணைப் பார்க்க வர்றவர் முகம் வாடிப்போனா எதை மாத்தறது?

ஒரே ஒரு சிக்கல். சம்பந்தி இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்.

"யாழினி, அடிச்சதை ஒருவாட்டி படிச்சுக் காட்டு கண்ணு."

"ஆயா... வாசல்ல குடியாத்தம் தாத்தா வந்திருக்காரு. மிக்சி இன்னும் ஓடலையான்னு கேட்கறாரு."

அய்யய்யோ! முதல்ல போய் அந்த ஸ்க்ரூ டிரைவரைப் பருப்புக்குள்ள புதைச்சுட்டு வா. அப்புறம் படி — என் காதோட.