கயிறு கட்டிய கை

என் மகளின் நிச்சயதார்த்தத்தில் தாய்மாமன் என்ற முறையில் என் அண்ணன்தான் தாம்பூலத் தட்டைத் தூக்கினான். கை உதறி, எலுமிச்சம்பழம் உருண்டு ஓடியது. "காலையிலயே போட்டுக்கினு வந்துட்டாரு போல," என்றார் சம்பந்தியம்மா. எனக்கு மானமே போயிற்று.

குடியை விடுவதற்குக் கோயிலில் கயிறு கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அடுத்த வாரமே அண்ணனைக் கல்வராயன் மலைக்கு இழுத்துப்போனேன். "நான் தொடுறதே இல்ல பாப்பா," என்றான் பஸ்ஸில்.

"எந்தக் குடிகாரன் ஒத்துக்கினான்?" என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கோயிலில் பூசாரி சொல்லச் சொல்ல, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து, கையை நீட்டினான். சம்பந்தி வீட்டுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன்.

நடுக்கமோ கூடிக்கொண்டே போனது. டீ வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் கொட்டும். கிட்டே போய் வாயை மோந்து பார்த்தேன். வாடை இல்லை. அப்படியும் நம்பவில்லை. என்ன ஜென்மமோ நான்!

அண்ணிதான் அவனைச் சென்னைக்குக் கூட்டிப்போனாள். நானும் கூடப் போனேன். "கொஞ்சம் குடிச்சா நடுக்கம் குறையுதா?" என்று கேட்டார் டாக்டர். இந்த நோயில் சிலருக்கு அப்படிக் குறையுமாம்.

"குடிச்சுப் பார்த்ததே இல்லீங்க," என்றான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

நரம்பு நோய், குடும்பத்தில் வரக்கூடியது என்றார்கள். மாத்திரை கேட்கவில்லை. கடைசியில் மூளைக்குள் மெல்லிய கம்பி செலுத்தி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி வைத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் அந்தக் கயிற்றை வெட்டிக் குப்பையில் போட்டாள். சில வாரம் கழித்துக் கருவியை ஓடவிட்டதும் கை அடங்கியது. டம்ளர் நிறையத் தண்ணீரைச் சிந்தாமல் குடித்தான். அண்ணி அழுதுவிட்டாள்.

கல்யாணத்தன்று தலைப்பாகை கட்டித் தழும்பை மறைத்துக்கொண்டு சீர்த்தட்டைத் தூக்கி வந்தான். "கயிறு கட்டினது நல்லா கேக்குது. குடிய வுட்டுட்டாரே!" என்றார் சம்பந்தியம்மா.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நோய் என்றால், பெண்ணுக்கும் வருமா என்று கேட்பார்கள். தாலி இன்னும் ஏறவில்லை.

"ஆமாங்க, வுட்டுட்டாரு," என்றேன்.

பின்னாலேயே அண்ணன் நின்றிருந்தான். கையில் தட்டு ஆடவே இல்லை.

"ஆமாங்க," என்றான் அவனும். "இப்ப தொடுறதே இல்ல."