ராகு காலம் கழிந்து அனுப்பிய அப்ளிகேஷன்

கீரனூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. என் வீட்டுக்காரர் அங்கே பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் காலேஜ் அப்ளிகேஷன் போட்டுக் கொடுப்பார். திருச்சியில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் அதற்கென்று ஒரு புரோகிராம் எழுதித் தந்திருந்தார். எங்கள் நெட் மெதுவானது. ஒவ்வொன்றுக்கும் சர்வரோடு புதிதாக இணைந்தால் நேரமாகும் என்று, ஒருமுறை பிடித்த இணைப்பை விடாமல் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதன் வழியாகவே அனுப்பும்படி செய்திருந்தார். எப்போதாவது ஒன்று போய்ச் சேராது. மறுநாள் திரும்ப அனுப்புவோம். கண் பட்டுவிட்டது என்று நான் சூடம் சுற்றிப் போடுவேன்.

என் மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. கம்யூனிட்டி சர்டிபிகேட் கடைசி நாள் காலையில்தான் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை. அதுவரை மற்ற பிள்ளைகளுடையது போய்க்கொண்டிருந்தது. இவளுடையதை நிரப்பி முடிக்கும்போது ராகு காலம் பிறந்துவிட்டது.

“பன்னெண்டுக்கு மேல அனுப்புவோம் ஆத்தா. சாயங்காலம் வரைக்கும் டயம் இருக்குல்ல” என்றார் அவள் அப்பா.

“கம்ப்யூட்டருக்கும் வெரதமாப்பா?” என்று சிரித்தாள்.

பன்னிரண்டு அடித்ததும் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றினேன். அவளே பட்டனை அழுத்தினாள். ‘அனுப்பப்பட்டது’ என்று திரையில் வந்தது. அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன்.

மறுநாள் அப்ளிகேஷன் வந்து சேர்ந்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் அவள் பெயர் எங்கும் இல்லை. தேதி முடிந்துவிட்டது. போன் போட்டு அழுதும் பிரயோஜனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்து பார்த்தார்.

“ரொம்ப நேரம் சும்மா கெடந்தா அங்கிட்டு சர்வர் இணைப்ப அறுத்துரும் மதினி. நம்ம புரோகிராமுக்கு அது தெரியல. அறுந்ததுலயே அனுப்பிருக்கு.”

ஒன்றரை மணி நேரம் எதற்காகச் சும்மா கிடந்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“அப்ப அனுப்பியாச்சுன்னு எப்படிச் சொன்னுச்சு?” என்று கேட்டேன்.

“இங்கிட்டு இருந்து தள்ளிவிட்டாலே அப்படிக் காட்டுற மாதிரி எழுதிட்டேன்.”

“பதில் வந்துச்சான்னு பாக்க மாட்டீங்களா சித்தப்பா?” என்றாள் மகள்.

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். சும்மா கிடந்த இணைப்பை விட்டுவிட்டுப் புதிது பிடிக்கவும், பதில் வந்தபிறகே சொல்லவும் அன்றே மாற்றினார். காப்பியைத் தொடாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளியும் ராகு காலம் கழியக் காத்திருந்தோம். வேறொரு பெண்பிள்ளையின் அப்ளிகேஷன். ‘பதில் கிடைத்தது’ என்று வந்தது. சந்தோஷத்தில் அந்தப் பிள்ளை என் மகளிடம், “நீங்க எந்தக் காலேஜ் அக்கா?” என்று கேட்டது.

விளக்குக்கு எண்ணெய் எடுத்து வருகிறேன் என்று என் மகள் உள்ளே போனாள். விளக்கில் எண்ணெய் நிறைய இருந்தது.