பால்கனியை அடைத்த பட்டமளிப்பு விழா

காலையில் பெரிய ஹாலைத் திறந்து உள்ளே போனேன். சுவரில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

கட்டட வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய சுவரில் விரிசலைப் பார்த்தால் அது என்றைக்கோ விழுந்து அப்படியே நின்றுவிட்டதா, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டிவிடுவோம். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி முழுசாக இருக்கும். அசைந்தால் உடையும். அந்த வருஷ ஐப்பசி மழைக்கு முன்னால் ஒட்டிய கண்ணாடி அது.

பெரிய ஹால்

தேனியிலிருந்து கம்பம் போகும் ரோட்டில் இருக்கிறது எங்கள் கல்லூரி. 1996-ல் கட்டட மேற்பார்வையாளராக அங்கே சேர்ந்தேன். சிவில் டிப்ளமோ படித்தவன். கல்லூரியில் பிறகு எத்தனையோ கான்கிரீட் கட்டடங்கள் வந்துவிட்டன. ஊருக்கு அடையாளம் மட்டும் ரோட்டைப் பார்த்து நின்ற பெரிய ஹால்தான். கண்டக்டர்கள் கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "பெரிய ஹாலெல்லாம் எறங்கு" என்பார்கள். குமுளி மலை இறங்கி வரும் லாரிக்காரர்கள் அதன் கல் முகப்பைப் பார்த்துத்தான் பஜாருக்குத் திரும்புவார்கள். ஊருக்குள் முதல் பொதுக்கூட்டம் நடந்ததும், வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் தங்கியதும் அந்த ஹாலில்தான்.

மேலே, மரச்சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. பின்பக்கம் தேக்கு உத்தரங்களின் மேல் ஒரு பால்கனி. விழா என்றால் மாணவர்கள் கீழே, பெற்றோர் பால்கனியில். கட்டிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

கண்ணாடி உடைந்த இடம் பால்கனியைத் தாங்கும் சுவர். ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். மழைத்தண்ணீர் போகும் குழாய் சுவருக்குள்ளேயே ஒழுகியிருந்தது. உத்தரத்தின் நடுவில் சுத்தியலால் தட்டினால் கணீரென்றது. சுவருக்குள் போகும் முனையில் தட்டினால் பொத்தென்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். ஈர மண்ணில் இறங்குவது போல் இறங்கியது. பக்கத்து உத்தரமும் அப்படித்தான் இருந்தது.

தாளாளர்

தாளாளர் வீரணன் ஐயாவுக்கு அப்போதே எழுபது வயதைத் தாண்டியிருக்கும். அந்த ஹாலைக் கட்டியவர் அவருடைய அப்பா. ஏலக்காய் வியாபாரத்தில் வந்ததையெல்லாம் அந்தக் கல்லில் போட்டவர் என்று ஊரில் சொல்வார்கள். பால்கனியை மூட வேண்டும், அதற்குக் கீழேயும் யாரும் உட்காரக் கூடாது என்று போய்ச் சொன்னேன்.

"எங்கப்பா காலத்துல அந்த பால்கனில நிக்க எடமிருக்காது. அப்ப விழாதது இப்ப விழுந்துருமாக்கும்?"

அப்போது மரம் காய்ந்திருந்தது, இப்போது முனை நனைந்து கிடக்கிறது என்றேன்.

"விழும்னு எழுதித் தர்றியா?"

"விழும்னு எழுத முடியாதுங்கய்யா. விழாதுன்னும் என்னால எழுத முடியாது."

வேறு இடத்தில் விழாவை வைக்கவும் வழியில்லை. மைதானம் முழுக்கச் சேறு. சிறப்பு விருந்தினருக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது. பால்கனியும் போய், அதன் கீழே உள்ள இடமும் போனால் மாணவர்களுக்கே ஹால் பற்றாது. பெற்றோரை எங்கே உட்கார வைப்பது என்று முதல்வர் கேட்டார்.

அன்று சாயங்காலம் தாளாளர் தனியாக ஹாலுக்கு வந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அந்த வயதில் மெதுவாக மேலே ஏறினார். என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி அவரே குத்திப் பார்த்தார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. கீழே இறங்கியதும் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அடச்சிரு" என்றார். நேரே காருக்குப் போய்விட்டார்.

மறுநாளே, உத்தரங்கள் மேலும் இறங்காமல் இருக்க மட்டும், அடியில் ஜாக்கி வைத்து முட்டுக் கொடுத்தோம். பால்கனிப் படிக்கட்டுக் கதவைப் பூட்டி, கீழே கயிறு கட்டினோம்.

விழா அன்று

காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. பெற்றோர் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். நிறையப் பேருக்கு வீட்டில் முதல் பட்டம் அதுதான். படிக்கட்டுக் கதவருகே நானே நின்றுகொண்டேன். பால்கனி மூடியிருக்கிறது, கீழேயும் இடமில்லை, வராந்தாவில் நில்லுங்கள் என்று வந்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் சண்டைக்கே வந்தார்கள்.

ஓடைப்பட்டியிலிருந்து பேச்சியம்மாள் என்று ஒரு அம்மா வந்திருந்தார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறவர். மகள் முத்துலட்சுமி பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். அந்த அம்மா சத்தம் போடவில்லை. கதவுப் பூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓரமா நிண்டுக்கிறேன் சாமி. எம் மக பேரக் கூப்புடயில ஒரு தரம் பாத்துட்டு எறங்கிருதேன். நான் ஒருத்தி ஏறுனா விழுந்துருமா?"

ஒருவர் ஏறினால் விழாது. அது எனக்குத் தெரியும். "நீங்க ஒருத்தர் ஏறுனா ஒண்ணும் ஆகாதும்மா. ஒங்களுக்குப் பின்னால நிக்கிறவகளுக்கு நான் என்ன சொல்றது?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் குடையும் சாக்குமாக வாசல் வரைக்கும் ஆட்கள். பிறகு விலகி வெளி வராந்தாவுக்குப் போய்விட்டார்.

பேர்களைக் கூப்பிடத் தொடங்கியதும் நானும் வராந்தாவுக்கு வந்தேன். அங்கே எல்லோருக்கும் இடமில்லை. பாதிப் பேர் தாழ்வாரத்துக்கு வெளியே நனைந்தார்கள். ஜன்னல்கள் உயரமானவை; உயரமான ஆட்களுக்கு மட்டும்தான் உள்ளே தெரிந்தது. பேச்சியம்மாள் குள்ளம். மைக்கில் பேர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

"இப்பக் கூப்புட்டது முத்துலட்சுமியா?"

அந்த ஆள் ஆமாம் என்றார். அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விழா முடிந்து மகள் அங்கியோடு வெளியே ஓடி வந்தாள். அம்மா உள்ளே வரவில்லை என்று தெரிந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

"நெசமாவே விழுந்துருமா சார்?"

விழலாம் என்றேன். அவள் அம்மாவைக் கூட்டிப்போய்க் கயிற்றுக்கு வெளியே நின்று முட்டுகளைக் காட்டினாள். அந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்ல மரந்தான், பாவம்" என்றார். பிறகு இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள்.

அதற்குப் பின்

ஊரில் பேச்சு எழுந்தது. பெற்றவர்களை மழையில் நிற்க வைத்தவன் என்று டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். தாளாளரிடமும் ஆட்கள் போனார்கள். அவர் ஒருவரிடமும் என் பெயரை எடுக்கவில்லை. "நாந்தான் அடைக்கச் சொன்னேன்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாராம். அதை எனக்குச் சொன்னது முதல்வர்தான்.

கோடை விடுமுறையில் உத்தமபாளையம் மர கான்ட்ராக்டர் அபுதாகிர் பாய் வந்து உத்தரங்களை இறக்கினார். சுவருக்குள் இருந்த முனைகள் கையால் பிய்த்தால் வந்தன. அதைத் தாண்டிய மரம் இரும்பு போல இருந்தது. இப்போதாவது என் பக்கம் நியாயம் என்று ஆகிவிடும் என எதிர்பார்த்தேன். பாய் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் பத்து வருசம் நிண்டாலும் நிண்டிருக்கும் சார். அன்னைக்கே எறங்கியிருந்தாலும் எறங்கியிருக்கும். யாராலயும் சொல்ல ஏலாது."

கெட்ட முனையை வெட்டிவிட்டு, ஜாயிஸ்ட் என்கிற இரும்புச் சட்டம் கொடுத்து, சுவரில் கான்கிரீட் பெட் போட்டு அதன் மேல் உட்கார வைத்தோம். மழைக்குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தோம். அடுத்த விழாவுக்குப் பால்கனி திறந்துவிட்டது. பெற்றோர் வழக்கம் போல ஏறி உட்கார்ந்தார்கள். முந்தின வருஷம் நின்றவர்கள் யாரும் அதில் இல்லை. அவர்கள் பிள்ளைகள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள்.

சில வருஷம் கழித்து தாளாளர் படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போயிருந்தேன். கல்லூரி விஷயங்களை விசாரித்துவிட்டுக் கேட்டார்.

"இப்பச் சொல்லு சுருளி. அன்னைக்கு விழுந்திருக்குமா?"

"தெரியலங்கய்யா."

தலையை ஆட்டினார். "அது எனக்கு உறுத்தல. அடச்சது சரிதான். அவுக வெளிய நனஞ்சுக்கிட்டு நிண்டாகள்ல? ஒரு தார்ப்பாயக் கட்டி, நாலு பெஞ்ச எடுத்துப் போட்டிருக்கலாம். மேடைக்குப் பக்கத்துல கதவு இருந்துச்சு, அதத் தொறந்து விட்டிருக்கலாம். மரத்தப் பாத்த நமக்கு அது தோணல பாரு."

அடுத்த மாதமே அவர் காலமானார். உடலைக் கொஞ்ச நேரம் பெரிய ஹாலில் வைத்திருந்தார்கள். ஊரே வந்தது. பால்கனியிலும் கூட்டம்.

ஓய்வு பெறுவதற்குள் இன்னும் இரண்டு கட்டடங்களை மூடச் சொல்லி எழுதியிருக்கிறேன். பழைய நூலகத்து மாடி அதில் ஒன்று. அதற்குப் பூட்டு வாங்கப் போகும் முன்பே, அங்கே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளுக்குக் கீழ்த்தளத்தில் மேசை போட இடம் பார்த்து, ஃபேனும் லைட்டும் மாட்டிவிட்டேன். மூடிய கட்டடம் விழுந்திருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வீணாக மூடிவிட்டான் என்ற பேச்சைக் கேட்டுக்கொள்ள இந்த வேலையில் பழகிக்கொள்ள வேண்டும். ஆனால், மூடப்போகிற கதவு வழியாக வர இருந்தவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.