ரொட்டிப் பையில் எழுதிய மனு

எலாதியோ பிக்காதோவுக்கு நகராட்சியில் தண்ணீர் வால்வு திறந்து மூடும் வேலை. அவன் சாவியைத் திருப்பினால்தான் அந்த மலையடிவாரத்து ஊரில் எவர் வீட்டுக்கும் தண்ணீர். நல்லவன்தான். ஆனால் மேயர் இருமினால்கூட எழுந்து நிற்கிற நல்லவன், அங்கேதான் வினை.

ஒருநாள் சபைக் கூட்டத்தில், தாமலே என்கிற மக்காச்சோளக் கொழுக்கட்டை அவித்து விற்றுப் பிழைக்கும் சொராய்தா அம்மா, ஊர் வழக்கில் தோன்யா சொராய்தா, எழுந்தாள். "சிமெண்ட் ரோடு மேயர் வீட்டு வாசலோட ஏன் நின்னு போச்சு? அதுக்கு அந்தாண்ட இருக்கறவங்க மனுஷங்க இல்லையா?" கூட்டம் மேயரைப் பார்த்துக் கொல்லென்று சிரித்தது.

மறுநாள் மேயர் எலாதியோவைக் கூப்பிட்டார். "அந்தப் பொம்பளை வீட்டுத் தண்ணிய மூடு. வாய் தானா மூடிக்கும்."

வேலையில் சேர்ந்த அன்று வலது கையைத் தூக்கி, 'அரசியல் சட்டத்தைக் காப்பேன். தவறினால் கடவுளும் நாடும் என்னைக் கேட்கட்டும்' என்று சத்தியம் செய்தவன் அவன். அதே கையால் மூடினான். மக்காச்சோளம் கழுவக்கூட அவளுக்குத் தண்ணீர் இல்லை. மேலிடத்து உத்தரவுக்கு நான் என்ன செய்ய என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். வெட்கக்கேடு!

அவள் வக்கீலைத் தேடவில்லை. ரொட்டிப் பையைக் கிழித்து, பென்சிலால் நாலு வரி எழுதி, தலைநகர் சான் ஹொசே போகும் பஸ்ஸில் அங்குள்ள அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டாள்.

"ரொட்டிப் பைக்கு நீதிபதி பதில் போடுவாராக்கும்!" என்று மேயர் கெக்கலித்தார்.

பதில் வந்தது. கேள்வி கேட்டவளின் தண்ணீரை நிறுத்தும் அதிகாரம் எந்த மேயருக்கும் கிடையாது, உடனே திறந்துவிடு என்று.

எலாதியோதான் போய்த் திறந்தான். குழாயில் வந்த முதல் தண்ணீரில் அவள் துணி வடிகட்டியில் காப்பி இறக்கி, அவனுக்கும் ஒரு கோப்பை நீட்டினாள்.

"மனுவுல என் பேரை எழுதலியே, தோன்யா?"

"எதுக்கு? பிள்ளைகுட்டிக்காரன் நீ. ஆட்டம் போட்டது மேயர். அவரைக் கோர்ட்டு பாத்துக்கிச்சு." அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆனா எலாதியோ, உன் வீடு அடுத்த தெருதானே? உன் குழாயில தண்ணி வந்துச்சே. யாருக்கும் தெரியாம ஒரே ஒரு வாளி கொண்டாந்து வெச்சிருக்கக் கூடாதா? இதை எந்தக் கோர்ட்டுல போய் நான் கேக்கறது?"

குடிக்காத கோப்பையை அடுப்பருகே வைத்துவிட்டு அவன் படியிறங்கினான்.

அதன்பிறகு எந்த மேயர் எதைச் சொன்னாலும், "எழுதிக் குடுங்க" என்பான். தைரியசாலி என்று ஊர் மெச்சியது. சொராய்தா வீட்டுத் தெருவில் மட்டும் கடைசிவரை அவன் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.