பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தபால்

கர்நாடக சங்கீதத்தில் புதிதாகக் கீர்த்தனை இயற்றுகிறவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் கையெழுத்துப் போட்ட பதிலை வாங்கிச் சேர்ப்பது என் பழக்கம். சிலர் தபால் தலை சேர்ப்பதில்லையா, அதுபோல. நேரில் போய்க் கேட்க எனக்கு வாய் வராது. படிப்பும் ஐந்தாவதோடு சரி. தபால் என்றால் முகத்தைக் காட்ட வேண்டாம் பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்தெல்லாம் பதில் வந்துவிட்டது. கிழக்குத் தாம்பரத்தில், எங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பவரிடமிருந்து மட்டும் வரவில்லை. மறுபடி மறுபடி எழுதினேன். காய்கறி வண்டி அருகே அவரைக் கண்டால் கொத்தமல்லிக் கட்டால் முகத்தை மறைத்துக்கொள்வேன். அவர் கடிதம் இல்லாமல் என் ஃபைல், பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வாசலில் வந்து நின்றார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். பள்ளிக்கூட டீச்சரான என் மருமகள்தான் பேசினாள்.

“அத்தை, சார் வந்திருக்காரு. நேர்லயே பேசறாராம்.”

“தபால்ல போடச் சொல்லும்மா.”

“பக்கத்துத் தெருவுல இருந்துகிட்டா?”

அது அவர் காதில் விழுந்துவிட்டது. “அம்மா, நான் படிச்சதெல்லாம் டெல்லியில. பாட்டைக்கூட போன்லதான் பாடிப் பதிவு பண்ணுவேன். தமிழ் எழுதினா தப்புத் தப்பா வரும். அதான் கூச்சம்” என்றார்.

இன்னொருவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. தலையை மட்டும் நீட்டினேன்.

“நான் மட்டும் சரியாவா எழுதினேன்?”

“ராகத்துக்குப் பெரிய ‘ற’ போட்டிருந்தீங்க. என் வீட்டுக்காரி சொன்னா.”

“இருந்தும் தபால்ல போட்டேன்ல?”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த வாரமே கடிதம் வந்தது. தபால்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவரு வூட்டுலருந்து கூப்ட்டாலே உங்களுக்குக் கேக்குமே. இதுக்கு இன்னாத்துக்கும்மா ஸ்டாம்பு?”

நான்கே வரி, கீழே அழகான கையெழுத்து. ‘அன்புல்ல அம்மாவுக்கு’ என்று ஆரம்பித்திருந்தார்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். “அன்பு இல்லாத அம்மாவுக்குன்னுல்ல ஆயிடுச்சு.” நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பேனா இன்னும் அவள் கையில் இருந்தது. “ரெண்டே ரெண்டு எழுத்துதான் அத்தை. மாத்திடறேன்.”

“அவரு கையெழுத்துப் போட்ட தாள்ல நீ கை வைக்காத.”

“அப்போ மார்க்காவது போட்டுக் குடுக்கறேன்.”

“ஃபெயிலாவே இருக்கட்டும்.”

அவள் பேனாவை மூடும்வரை கடிதத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடியே நின்றேன்.