கட்டிலில் படுத்துப் பாடம் நடத்துபவர்

“என் மூக்கு என்ன ஆணியா, மாட்டிட்டுப் போறதுக்கு? குழாய் ரெண்டு துளையிலயும் சரியா உட்காரணும்மா. எடுத்துட்டு மறுபடி வை.”

கட்டிலில் மல்லாந்து படுத்தபடியே சொல்கிறார். தலை முழுக்கப் பசை வைத்து ஒட்டிய வயர்கள், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரல் நுனியில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப். புதிதாகப் பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். நோயாளி இல்லை, அவர்தான் இங்கே வாத்தியார். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கும் சோதனையை நர்ஸ்களுக்குக் கற்றுத்தருகிறார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பெயர் ‘தூக்கக்காரம்மா’. அப்படிக் கூப்பிட்டால் கோபம் வருவதில்லை, “என்னப்பா?” என்று திரும்புகிறார்.

ஐம்பதைத் தாண்டிய, பூசினாற்போன்ற உடம்பு. நகத்தில் சாயம் பூசமாட்டார். கிளிப்பின் சிவப்பு வெளிச்சத்துக்கு அது ஆகாதாம். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பதில்லை, தூங்குகிறவர்களின் வாயைப் பார்க்கிறார். யாராவது மூச்சு முட்டி விழித்தால் போதும், இறங்குவதற்குள் ஆஸ்பத்திரி விலாசத்தைக் கொடுத்துவிடுவார். என்னையும் விடவில்லை. “கழுத்தப் பார்த்தா சார் நல்லா குறட்டை விடுவீங்கபோல,” என்றார் எடுத்த எடுப்பிலேயே. என் மனைவிக்கும் இவருக்கும் அறிமுகமே கிடையாது.

“எங்க வீட்டுக்காரர் குறட்டை விடுற வரைக்கும் நான் நிம்மதியா தூங்குவேன். சத்தம் நின்னாத்தான் எந்திரிச்சு உட்கார்ந்துடுவேன்,” என்று சிரிக்கிறார். கணவர் இப்போது மூச்சு தடைபடாமல் காற்று செலுத்தும் முகமூடி மாட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் தூங்குகிறார். அந்த அமைதி பழக இவருக்குத்தான் நாளாயிற்றாம்.

பாடத்தில் புத்தகம் குறைவு. “நீ தப்பா ஒட்டினா மெஷின் பொய் சொல்லும். அந்தப் பொய்ய டாக்டர் நம்புவாரு. ஒண்ணுமில்ல, போங்கன்னு அனுப்பிடுவாரு. அந்த ஆளு மறுநாள் தூக்கக் கலக்கத்தோடயே லாரி ஓட்டப் போவாரு.” இதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் சிரிப்பு இல்லை. பட்டை தளர்ந்தால், நன்றாக விடும் மூச்சும் நின்றதுபோலக் காட்டும். இறுகினால் ஆள் தூங்கவே மாட்டார். தூங்காதவரிடம் தூக்கச் சோதனை நடத்தி என்ன பயன்?

அதனால் அவர் வைக்கும் பரீட்சையும் தனி ரகம். எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் விளக்கை அணைக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். திரையில் கோடுகள் ஒழுங்காக ஓட வேண்டும், அவரும் தூங்க வேண்டும். எங்காவது உறுத்தினால் கை தானாக அங்கே போய்விடும். போனால் ஃபெயில்.

நான் போயிருந்த மதியம், அவசரப் பிரிவிலிருந்து வந்த ஒரு நர்ஸின் முறை. படு வேகமான கை. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனதால், இந்த வேலையைக் கேட்டு வாங்கி வந்தவர். ஏற்கெனவே ஒருமுறை ஃபெயில். இன்றும் தேறாவிட்டால் பழைய வார்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

“மெதுவா செஞ்சா கை நடுங்குது சிஸ்டர்.”

“நடுங்கட்டும் கண்ணு. எனக்கென்ன அவசரம், நான் படுத்துல்ல இருக்கேன்?”

குழாயை எடுத்து மறுபடி வைத்தார் நர்ஸ். பட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தார். வயர்களைப் பிடரியில் ஜடைபோலச் சேர்த்து, புரள்வதற்குக் கொஞ்சம் தளர்வாக விட்டார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து அறையில் திரைக்கு முன்னால் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோடுகள் ஒழுங்காகத்தான் ஓடின. பரீட்சை அவருக்கு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றது நான்.

வெகுநேரம் கழித்து, இருட்டிலும் படம்பிடிக்கும் கேமராவில், தூக்கக்காரம்மா ஒருக்களித்துப் படுப்பது தெரிந்தது. வயர் எதுவும் இழுக்கவில்லை. ஆனால் வலது கை மெல்ல எழுந்து மூக்கை நோக்கி வந்தது.

“போச்சு,” என்றார் நர்ஸ்.

பாதி வழியில் அந்தக் கை நின்றது. அப்புறம் துவண்டு இறங்கி, சின்னக் குழந்தையின் கைபோலக் கன்னத்துக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது.