முதல் அறையைத் தாண்டாதவர்கள்

முதியோர் இல்லத்தில் அவனை எல்லோரும் டொக்டொக் என்றுதான் கூப்பிடுவார்கள். திறந்து கிடக்கும் கதவைக்கூடத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். ஒருநாள் வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் தட்டினான் என்று அவன் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவன் இல்லை என்பான். ஆனால் அழுத்திச் சொல்ல மாட்டான்.

உதவியாளராகப் பதினாறு வருட வேலை. வந்த முதல் வாரத்திலேயே, ஞாபகம் மங்கிய ஒரு பெரியவரைப் பின்பக்கமாகப் போய்த் தொட்டு, முன்கையில் நன்றாகக் கடி வாங்கினான். பல் தடம் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு இல்லத்துப் பொறுப்பாளரான மேட்ரன் மருந்து போட்டுக்கொண்டே ஐந்து விஷயம் சொன்னார். கதவைத் தட்டு. யார் என்று சொல். வெளிச்சத்தை முகத்தில் அடிக்காதே. முன்பக்கமாகப் போ. அவர்கள் உன்னைப் பார்க்கும் வரை தொடாதே. அதற்குப் பிறகு அவனை யாரும் கடித்ததில்லை.

காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை ஒரு முறை வேலை. மாலை நான்கிலிருந்து எட்டு வரை இன்னொரு முறை. நடுவில் கிடைக்கும் ஐந்து மணி நேரத்தில் மற்றவர்கள் காலை நீட்டித் தூங்குவார்கள். டொக்டொக் வீட்டுக்குப் போய், இல்லத்து அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். நான்கு வருடம் அப்படி உட்கார்ந்து ஒரு கேம் செய்தான். பெயர் ‘மின்சாரம் போன மாடி.’

கதை சின்னதுதான். முதியோர் இல்லத்தின் மேல்மாடியில் மின்சாரம் போய்விடுகிறது. கையில் ஒரு டார்ச், அதில் பாதி பேட்டரி. எட்டு அறைகளில் எட்டுப் பேர். எல்லோரையும் பத்திரமாகக் கீழே கொண்டுவர வேண்டும். ஆனால் கதவைத் திறந்தால் இருட்டிலிருந்து ஓர் உருவம் உறுமிக்கொண்டு பாய்ந்து கழுத்தைப் பிடிக்கும். திரை கறுப்பாகிவிடும். அந்த உறுமலைக் கொடுத்தது அவன் மனைவி. வாய் கொப்பளிக்கும்போது வரும் சத்தத்தைப் பதிவு செய்து மெதுவாக ஓடவிட்டிருந்தான்.

“காசு வைக்கலாமே, கொஞ்சமாவது” என்றாள் அவள்.

“காசு குடுத்தவன் கேள்வி கேப்பான். சும்மா வாங்கினவன் திட்டிட்டுப் போயிடுவான்.”

“என் தொண்டைக்காவது ஏதாவது குடுங்க.”

இலவசமாகவே இணையத்தில் போட்டான். இரண்டு வாரத்தில் அறுநூறு பேர் இறக்கிக்கொண்டார்கள். அறுநூறு பேரும் முதல் அறையிலேயே செத்தார்கள். ‘கேம் உடைஞ்சிருக்கு’ என்று ஒருவர் எழுதினார். ‘இருபது தடவை செத்துட்டேன், செஞ்சவனுக்கு மனசாட்சி இல்லை’ என்றார் இன்னொருவர். டொக்டொக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று மதியம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தான். எங்கும் பிழை இல்லை. அவன் ஆடினால் எட்டு அறையையும் தாண்டி, எட்டுப் பேரோடு கீழே வந்தான்.

அந்தக் குழப்பத்தில் இருக்கும்போதுதான் மேட்ரன் ஆள் அனுப்பினார்.

காலை பத்தரை மணி. மேட்ரன் அறையில், ஏழாம் நம்பர் அறை அம்மாவின் மகன் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலைக்கு உதிரிபாகம் விற்பவர், குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகாதவர். அவருடைய அக்கா மகள் அந்தக் கேமை ஆடியிருக்கிறாள். அதில் முதல் அறைக் கதவின் கைப்பிடியில் பச்சைத் துணி கட்டியிருந்தது. தன் அறை எது என்று அடையாளம் தெரியட்டும் என்று அந்த அம்மாவின் கதவிலும் அப்படித்தான் கட்டியிருக்கிறது. டொக்டொக் வேண்டுமென்றே செய்ததல்ல. பதினாறு வருடம் பார்த்த கதவுகள், கையோடு வந்துவிட்டன.

“எங்கம்மாவ பேயாக்கி ஊருக்கெல்லாம் ஃப்ரீயா குடுத்திருக்கான் மேடம். எழுதிக் குடுக்கப் போறேன். நிர்வாகம் பாத்துக்கட்டும்.”

எழுதிக் கொடுத்தால் வேலை போய்விடும். அது டொக்டொக்குக்குத் தெரியும். முதியோரைப் பேயாகக் காட்டினான் என்ற பேரோடு நாற்பத்தொரு வயதில் வேறெந்த இல்லமும் சேர்க்காது. வேறு வேலையும் அவனுக்குத் தெரியாது.

“அவங்க பேய் இல்ல சார்” என்றான்.

“அப்ப யாரு, சாமியா?”

“சண்டை அப்புறம். முதல்ல அத காட்டுங்க” என்றார் மேட்ரன்.

மகன் ஆடிக் காட்டினார். கதவைத் தள்ளினார், டார்ச்சை நேராக அடித்தார், ஓடினார். உருவம் பாய்ந்தது. திரை கறுத்தது.

“பாத்தீங்களா?”

“இன்னொரு தடவ.”

மறுபடியும் அதே ஓட்டம், அதே கறுப்பு. மேட்ரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏன் தட்டாம போறீங்க?”

“கேம்ல எதுக்கு மேடம் தட்டணும்?”

“லைட்ட ஏன் மூஞ்சில அடிக்கிறீங்க? உங்க மூஞ்சில அடிச்சா சும்மா இருப்பீங்களா? இங்க குடுங்க. இதுல தட்டுறது எது?”

டொக்டொக் காட்டினான். தட்ட ஒன்று, பேச ஒன்று, டார்ச்சைத் தாழ்த்த ஒன்று. அறுநூறு பேரும் அலங்காரத்துக்கு வைத்தவை என்று நினைத்த பொத்தான்கள். மேட்ரன் வாழ்நாளில் கேம் ஆடியவர் இல்லை. ஒற்றை விரலால் தட்டினார். பேசினார். வெளிச்சத்தைத் தரையில் விட்டார். வாசலிலேயே நின்றார்.

“பேட்டரி தீருது மேடம்” என்றார் மகன், தன்னை மறந்து.

“தீரட்டும். அவங்களுக்கு நேரம் வேணும்.”

கட்டிலைச் சுற்றி முன்பக்கம் போனார். உறுமல் தேய்ந்து நின்றது. போர்வையை இரண்டு கையாலும் கழுத்துவரை இழுத்துப் பிடித்தபடி ஒரு வயதான பெண் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை நீட்டினாள். கேமில் இருந்த உதவியாளன் குனிந்து அவளை எழுப்பினான்.

மேட்ரன் டொக்டொக்கை முறைத்தார். “முதுக வளைச்சு தூக்குறான் பாரு. முழங்கால மடக்குன்னு எத்தன வருஷமா சொல்றேன்?”

டொக்டொக்குக்கு அப்போதுதான் தன் தப்பு உறைத்தது. தட்டிவிட்டுப் போக வேண்டும் என்று அவன் கேமில் எங்கேயும் சொல்லவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருந்தான்.

மகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, “எங்கம்மா என்னப் பாத்தா கத்துறாங்க மேடம். அதான் ரெண்டு மாசமா வரல” என்றார்.

“எப்படி உள்ள போவீங்க?”

“சத்தமில்லாம போய் பின்னாடி இருந்து கட்டிப் பிடிப்பேன். சின்ன வயசுல இருந்து அப்படித்தான். அப்பல்லாம் சிரிப்பாங்க.”

“இப்ப அவங்களுக்கு பின்னாடி வர்றவன் எல்லாம் திருடன்தான்” என்றார் மேட்ரன். ஆறுதல் சொல்வது அவர் வழக்கமில்லை. “கூட்டிட்டுப் போ” என்று டொக்டொக்கிடம் சொன்னார்.

ஏழாம் நம்பர் கதவு திறந்தேதான் இருந்தது. பச்சைத் துணி தொங்கியது. மகன் டொக்டொக்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு தட்டுத் தட்டினார்.

“அம்மா, நான்தான்.”

ஜன்னல் பக்கம் இருந்த அம்மா திரும்பினாள். நெடுநேரம் பார்த்தாள்.

“எந்த நான்?”

“உங்க மூத்தவன்.”

“மூத்தவனா? அவன் இவ்ளோ குண்டு இல்லையே” என்றாள். “சரி, உள்ள வந்து கதவ சாத்து. காத்து அடிக்குது.”

கத்தவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டொக்டொக் வெளியில் நின்று மணியைப் பார்த்தான். எட்டாம் நம்பரில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் ஆகியிருந்தது. போய்விட்டான்.

மகன் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. மேட்ரன் மட்டும் மூன்று நிபந்தனை போட்டார். பச்சைத் துணியை எடுக்க வேண்டும். இல்லத்தில் பார்த்ததை இனிக் கேட்காமல் எதிலும் வைக்கக் கூடாது. கேமில் இருப்பவன் முழங்காலை மடக்க வேண்டும். முதல் இரண்டும் ஒரு மதியத்தில் முடிந்தன. முழங்காலை மடக்க ஒரு மாதம் பிடித்தது.

கேமின் தொடக்கத்தில், சுவரில் ஒரு தாளையும் ஒட்டினான். ஊழியர் அறையில் ஒட்டியிருக்கும் அதே ஐந்து வரிகள். இறக்கிக்கொள்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் படிப்பதில்லை. ‘கேம் உடைஞ்சிருக்கு’ என்று இன்னும் யாராவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களும் ஊழியர் அறைத் தாளைப் படிப்பதில்லை என்பதால் டொக்டொக் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் மேட்ரன் எடுத்துக்கொண்டார். இப்போது புதியவர் யார் வந்தாலும் முதல் நாள் காலை தன் அறையில் உட்காரவைத்து, டொக்டொக்கைக் கூப்பிட்டு, கேமைப் போடச் சொல்கிறார். மூன்று தடவைக்குள் முதல் அறையைத் தாண்டாதவர்கள் ஒரு வாரம் துணி மடிக்கப் போக வேண்டும்.